மகள்கள் இல்லாத படம்

வயதான அரசன் ஒருவன் தன் மூன்று மகள்களையும் கூப்பிட்டு, என்மேல் யாருக்கு எவ்வளவு அன்பு என்று கேட்கிறான். மூத்தவர்கள் இருவரும் தேனாகப் பேசுகிறார்கள். கடைசி மகளுக்குப் பேச வரவில்லை. அவளைத் துரத்திவிட்டு, நாட்டை மற்ற இருவருக்கும் பங்கு வைக்கிறான். பிறகு அந்த இருவர் வீட்டிலும் மாதத்துக்கு ஒருவராக மாறி மாறி இருக்கப் போகிறான். இரண்டு வீட்டிலும் இடமில்லாமல் போய், புயல் மழையில் புத்தி பேதலித்து அலைகிறான். ஆங்கிலத்தில் பேர்பெற்ற இந்தப் பழைய துயர நாடகத்தைப் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபது வருடமாக நடத்தி வருகிறேன். புயல் காட்சியை நான் வாசிக்கும்போது வகுப்பில் இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்பு பாடத்திட்டம் மாறியது. நாடகத்தோடு, அதைத் தழுவி ஜப்பானில் எடுத்த படத்தையும் சேர்த்து ஒப்பிட்டு நடத்த வேண்டும் என்றார்கள். அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. அதைத் துறையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, சமையலை முடித்துவிட்டு, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் படத்தைப் போட்டேன். கட்டிலில் அப்பா இருந்தார். இருப்பது ஒரே ஹால். அவரையும் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பா என் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன், நான், தம்பி. நாகமலைக்கு மேற்கே எங்களுக்குத் தாத்தா காலத்து நிலம், கிணற்றோடு இருந்தது. அண்ணன் கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். தம்பி மருந்து விற்பனைப் பிரதிநிதி. ஆரப்பாளையம் பக்கம் அபார்ட்மெண்டில் இருக்கிறான். எனக்குத் திருமணம் ஆகவில்லை. பார்த்த வரன்கள் தட்டிப்போய், பிறகு யாரும் பார்க்கவில்லை. அதில் சொல்ல அதிகம் இல்லை.

பத்து வருடத்துக்கு முன்பு ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் போன் செய்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ் வந்துரு. ஆதார் கார்டும் ரெண்டு போட்டோவும் எடுத்துக்க."

"எதுக்குண்ணே?"

"சும்மா ஒரு கையெழுத்துத்தான். நெலத்தப் பிரிக்கிறோம்."

அது விடுதலைப் பத்திரம். அந்தச் சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று நானாக, மனமுவந்து, எழுதிக் கொடுப்பது. பத்திரம் எழுதுபவர் வேகமாக வாசித்தார். 'மனமுவந்து' என்ற இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததுபோல இருந்தது. போட்டேன். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். மறுத்துப் பேசினால் அம்மாவைப் பார்க்க அந்த வீட்டுப் படி ஏற முடியாது என்று எனக்குத் தெரியும். அதுவரை காரிலேயே உட்கார்ந்திருந்த அப்பா, கூப்பிட்டதும் இறங்கி வந்து தன் கையெழுத்தைப் போட்டார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "டீ குடிக்கிறியா ஆத்தா?" என்றார்.

நாடகத்து அரசன் தன் மகளிடம் அன்பைக் கேட்டான். என் அப்பா கேட்டது டீ மட்டும்தான்.

அம்மா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் அப்பாவை மாதம் ஒருவர் என்று முறைபோட்டு வைத்துக்கொண்டார்கள். நாடகத்தில் அரசன் தன்னோடு நூறு வீரர்களை வைத்துக்கொள்வேன் என்கிறான். மகள்கள் அதை ஐம்பதாக்கி, இருபத்தைந்தாக்கி, கடைசியில் ஒருவர் கூட எதற்கு என்று கேட்கிறார்கள். அப்பாவிடம் வீரர்கள் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் தினமும் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். அண்ணி ஒருநாள், "வந்தவங்களுக்கெல்லாம் எம்புட்டுக் காப்பி போடுறது?" என்று உள்ளிருந்து சொன்னார். அது வாசலுக்குக் கேட்டது. மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒருவர். பிறகு யாரும் வரவில்லை. தம்பி வீட்டில் மூன்றாவது மாடி. அங்கே யாரும் வருவதற்கே வழியில்லை.

அப்பாவுக்கு மறதி தொடங்கியது அந்த நாட்களில்தான். போட்ட சட்டையைக் கழற்றி மறுபடி போடுவார். மதியம் சாப்பிட்டுவிட்டு, இன்னும் சாப்பிடவில்லை என்று வாட்ச்மேனிடம் சொல்வார். தம்பி மனைவி அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரில் அப்பாவையும் ஒரு சூட்கேசையும் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினார்.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். ஒரு வாரம் வச்சுக்க. ஒனக்கென்ன, தனியாளுதான?"

அந்த ஒரு வாரம் இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்தது.

நான் இருந்தது மாடிப் போர்ஷன். ஹால், ஒரு அறை, சமையலறை. மாடிப்படி முடியும் இடத்தில் கிரில் கேட். வந்த இரண்டாம் நாளே அப்பா படியிறங்கி ரோட்டுக்குப் போய், எதிரில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறார். அன்றைக்குப் பூட்டு வாங்கினேன். காலை ஒன்பதேகாலுக்குச் சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைத்து, தண்ணீர் சொம்பை அதன் பக்கத்தில் வைத்து, கிரில்லைப் பூட்டிவிட்டுக் கிளம்புவேன். நாலு மணிக்கு வந்து திறப்பேன்.

கீழே குடியிருந்தது வீட்டுக்கார பாயின் குடும்பம். அவர் மனைவி நல்லவர். ஒருநாள் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க அத்தா மத்தியானம் பூரா கிரில்ல புடிச்சு ஆட்டிட்டே இருக்காங்க. 'தெறங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்'னு கெஞ்சுறாங்க. கேக்க முடியல."

ஆள் வைத்துப் பார்த்தேன். வந்த இரண்டு பேரும் மாதம் முடியும் முன்பே நின்றுவிட்டார்கள். அண்ணன் தன் பங்குக்கு ஹாலில் ஒரு கேமரா மாட்டிக் கொடுத்தார். போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும்போது நான் அப்பாவைப் பார்ப்பேன். சில நாள் அவர் கேமராவுக்கு நேர் கீழே வந்து நின்று, தலையை உயர்த்தி அந்தச் சின்னக் கறுப்பு உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அண்ணன் போனிலும் அது தெரியும். அதை நான் முதலில் யோசிக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அழைப்பு வரும். "அப்பா தண்ணியே குடிக்கல, பாத்தியா?" "ஏன் இன்னைக்கு இம்புட்டு லேட்டு?" "நீ வந்ததும் நேரா ரூமுக்குள்ள போய்ட்ட, அவரை என்னன்னுகூடக் கேக்கல." அதன்பிறகு நான் ஹாலில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில், கேமராவுக்கு எட்டாத இடத்தில், நின்றுகொண்டே சாப்பிடுவேன். என் சம்பளத்தில் நான் வாடகை கொடுக்கும் வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த மூன்றடி இடம்தான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். படம் ஓடத் தொடங்கியது. பச்சை மலைமேட்டில் ஒரு கிழவன். அவனைச் சுற்றி மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று நிறத்தில் உடுத்திய மூன்று பேர்.

"யாரு இவன்?" என்றார் அப்பா.

"ஒரு பெரிய ஜமீன்தார் மாதிரிப்பா. மூணு மகனுக்கும் சொத்தப் பிரிச்சுக் குடுக்கப் போறாரு."

"மூணும் பயலா?"

"ஆமா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். படத்தில் கிழவன் ஒவ்வொரு மகனிடமும் ஒரு அம்பைக் கொடுத்து முறிக்கச் சொல்கிறான். முறிகிறது. மூன்றைச் சேர்த்துக் கொடுத்து முறிக்கச் சொல்கிறான். மூத்தவனால் முடியவில்லை. ஒற்றுமையாக இருங்கள் என்று பாடம்.

"முட்டில வச்சு அமுக்குனா முறிஞ்சிரும்ல?" என்றார் அப்பா.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. படத்தில் கடைசி மகன் மூன்று அம்புகளையும் முழங்காலில் வைத்து உடைத்துப் போட்டான். நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு மகன்கள் அடித்துக்கொள்கிறார்கள். கோட்டை எரிகிறது. வெளுத்த முகத்தோடு கிழவன் எரியும் கோட்டையிலிருந்து படியிறங்கி வருகிறான். அவனைக் கொல்ல வந்த படை ஒதுங்கி வழிவிடுகிறது. அந்த இடத்தில் சத்தமே இல்லை. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறான்?"

"தெரியலப்பா. போறதுக்கு எடம் இல்ல."

"பூட்டலையா?" என்றார்.



படத்தைத் தனியாக இன்னொரு முறை பார்த்துக் குறிப்பு எடுத்தேன். நாடகத்துக்கும் படத்துக்கும் வேறுபாடு என்று வகுப்பில் சொல்ல நிறைய இருந்தது. ஆங்கில அரசன் மனதில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் பேசுகிறான். இந்தக் கிழவன் பேசுவது குறைவு, முகத்திலேயே எல்லாம் இருக்கிறது. அங்கே புயல், இங்கே காற்றடிக்கும் புல்வெளி. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்.

"மேம், நாடகத்துல மூணு மகள். படத்துல மூணு மகன். அந்தப் பொண்ணுகள்லாம் எங்க மேம் போனாங்க?"

"அந்த நாட்டுல அந்தக் காலத்துல பொண்ணுங்களுக்குச் சொத்து கிடையாதும்மா. அதனால இயக்குநர் மாத்தியிருக்கார்."

"சொத்து இல்லன்னா கதையிலயே இல்லையா மேம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பின்னால் இருந்து இன்னொருத்தி, "மகள்க இருக்காங்களே. மருமகளா வந்திருக்காங்க" என்றாள். அவள் சொன்னது சரி. படத்தில் அந்தக் கிழவனுக்கு இரண்டு மருமகள்கள். இரண்டு பேர் வீட்டையும் அவன்தான் ஒரு காலத்தில் எரித்தான். பெற்றவர்களைக் கொன்றான். அவர்களைத் தன் மகன்களுக்குக் கட்டிவைத்தான். ஒருத்தி பழிவாங்க வந்தவள். இன்னொருத்தி மன்னித்துவிட்டுச் சாமி கும்பிடுகிறாள். மன்னித்தவளின் தம்பிக்குச் சிறுவயதிலேயே கண்ணைப் பறித்துவிட்டிருக்கிறான். புத்தி பேதலித்து அலையும்போது கிழவன் ஒதுங்குவது அந்தக் கண்ணில்லாதவனின் குடிசையில்தான்.

பெரிய வேறுபாடு அதுதான் என்று அன்றைக்கு வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்தது. நாடகத்து அரசனுக்கு முன்கதை இல்லை. எண்பது வருடம் அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. வெளியே தள்ளப்பட்டவன் என்று பாவம் பார்க்கிறோம். படத்துக்காரர், இவனே அதற்கு முன்பு யார் யாரை வெளியே தள்ளினான் என்று கேட்கிறார். இருபது வருடமாகப் பிள்ளைகளை அழவைத்த எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

அண்ணியை நினைத்தேன். திருமணமான புதிதில், போட்டு வந்த நகை சொன்னதைவிடக் குறைவு என்று அப்பா அவரை எட்டு மாதம் தாய்வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். வயிற்றுப் பிள்ளையோடு போனவர், பிள்ளையோடுதான் திரும்பி வந்தார். காப்பிக்கு முகம் சுளித்த அண்ணியை மட்டும்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன்.

அத்தையையும் நினைத்தேன். அப்பாவின் ஒரே தங்கை. கீழக்குயில்குடியில் கட்டிக்கொடுத்தது. தாத்தா இறந்த வருடம், கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வாங்க வேண்டும், எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும் என்று சொல்லி அப்பா அவரைக் கூட்டிப் போனார். அத்தை நம்பிப் போட்டார். அது கரண்டுக்கான தாள் இல்லை. நிலத்தில் தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிய அத்தைக்கு மூன்று வருடம் ஆயிற்று. தெரிந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார். அத்தை கதவைத் தட்டிக்கொண்டே, "அண்ணே, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல, ஏண்ணே பொய் சொன்ன" என்று அழுதார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்றது நான். எனக்கு எட்டும் உயரம்தான். திறக்கவில்லை.

அதன்பிறகு நாற்பது வருடம் பேச்சு இல்லை.

இதெல்லாம் ஞாபகம் வந்த பிறகு அப்பாவைக் குளிப்பாட்டுவது கஷ்டமாக இருந்தது. முன்பும் கஷ்டம்தான், அது உடம்புக் கஷ்டம். இப்போது அவர் முதுகில் சோப்புப் போடும்போது இவர் கைதானே தாழ்ப்பாள் போட்டது என்று தோன்றும். உடனே அவர், "மெதுவா ஆத்தா" என்பார், குழந்தை மாதிரி. முழுசாகப் பாவம் பார்க்கவும் முடியவில்லை, முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. காலையில் பூட்டினேன், மாலையில் திறந்தேன். என்னை யார் திறந்துவிடுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் மாதம் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை வழக்கம்போலச் சோறு வைத்து, கிரில்லைச் சாத்தி, பூட்டை மாட்டினேன். அழுத்தினேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மறதி என்று நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.

பதினொன்றரைக்கு அண்ணன் போன் செய்தார்.

"அப்பா எங்க?"

"வீட்லதாண்ணே."

"கேமரால காணோம். அரை மணி நேரமாக் காணோம். நீ பாக்கலையா? என்னத்தப் புடுங்குற அங்க?"

ஆட்டோ பிடித்து ஓடினேன். பூட்டு வளையத்தில் திறந்தபடி தொங்கியது. பாய் மனைவி சந்தைக்குப் போயிருந்தார். சோறு அப்படியே இருந்தது. செருப்பும் கிடந்தது, வெறுங்காலோடு போயிருக்கிறார். தார் ரோட்டில் அந்த வெயிலில் என்னாலேயே நிற்க முடியவில்லை. அதே ஆட்டோவில் பஸ் ஸ்டாப், டீக்கடை, ரயில்வே கேட் என்று தேடினேன். நிலத்துக்குப் போயிருப்பார் என்று அண்ணன் கப்பலூரிலிருந்து அங்கே காரை விட்டார். நிலம் இப்போது பிளாட். கல் நட்டு, கொடி கட்டி, வளைவு வைத்திருக்கிறார்கள். அங்கே அவர் இல்லை. தம்பி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் செய்தான்.

இரண்டு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கிழவியின் குரல்.

"ஒங்கப்பன் இங்க வந்து உக்காந்திருக்காரு. சட்டப் பையில சீட்டுல நம்பர் இருந்துச்சு. வந்து கூட்டிட்டுப் போ."

"நீங்க யாரும்மா?"

"நாந்தேன். அத்தை" என்றார்.

கீழக்குயில்குடிக்கு மினி பஸ்ஸில் போயிருக்கிறார். கண்டக்டர் கிழவர் என்று டிக்கெட் கேட்கவில்லையாம். ஊரில் இறங்கி, விசாரிக்காமலேயே வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். தன் சாப்பாட்டுத் தட்டை அடையாளம் தெரியாதவர்.

நான் போனபோது அப்பா வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. காலுக்குக் கீழே ஒரு காலித் தட்டு. அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பத்து வயதில் பார்த்த முகம் இல்லை. எங்கள் அப்பாவின் முகம்தான், பொட்டில்லாத நெற்றியோடு.

"வந்தியா" என்றார்.

"எப்ப வந்தாரு அத்தே?"

"பன்னெண்டு இருக்கும். தண்ணி குடுத்தேன். சோறு போட்டேன். காலு கொப்புளிச்சிருச்சு, துணி கட்டிவிட்டேன்." நிறுத்திவிட்டு, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உள்ள வாங்கன்னு கூப்புட வாய் வரல ஆத்தா. கூப்புடணும்னுதான் நெனச்சேன். வரல."

அப்பா என்னை யாரோ ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார். "பத்திரம் கொண்டாந்துட்டீங்களா? எங்க போடணும்? காட்டுங்க, போடுறேன்" என்றார்.

"வந்ததுல இருந்து இதேதான்" என்றார் அத்தை. "கையெழுத்துப் போட வந்திருக்கேன், பேப்பரக் குடு, பேப்பரக் குடுன்னு. எந்தப் பேப்பரக் குடுக்க? பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சுக் குடுத்தேன்."

மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். தேதித்தாளின் பின்பக்கம். நடுங்கி நடுங்கி, கோடு மேலும் கீழுமாக, அப்பாவின் முழுப்பெயர், தகப்பனார் பெயரோடு. தன் சாப்பாட்டை மறந்தவர் இனிஷியலைச் சரியாகப் போட்டிருந்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை.

"நாப்பது வருசம் இந்தக் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தேன்" என்றார் அத்தை. "இப்ப வச்சு என்ன செய்ய? நாக்கு வழிக்கவா?" தாளை மடித்து என் கையில் திணித்தார். "ஒனக்கும் ஒண்ணும் குடுக்கலேல்ல. நீயே வச்சுக்க."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"அன்னைக்கு நாந்தேன் கதவுப் பக்கத்துல நின்னேன் அத்தே" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வந்துவிட்டது.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். பாவாடை தெரிஞ்சுச்சு, கதவுக்கு அடியில" என்றார். அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பி ஆட்டோ வரைக்கும் கூட்டி வந்தார். ஆட்டோ மெயின் ரோட்டைத் தொடும் முன்பே அப்பா, "எங்க ஆத்தா போயிட்டு வாரோம்?" என்று கேட்டார்.

வீட்டில் அண்ணனும் தம்பியும் காத்திருந்தார்கள். அண்ணன் கத்தினார். ஒரு கிழவனைப் பார்த்துக்கொள்ள வக்கில்லை, பூட்டக்கூடத் துப்பில்லை என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கியதில் சுவரிலிருந்து சிமெண்டும் கொஞ்சம் வந்தது. அப்பா கட்டிலில் இருந்து, "யாரு சண்ட போடுறா?" என்றார்.

"ஜூன் மாசத்துல இருந்து ஆளுக்கு நாலு மாசம்" என்றேன். "மொதல்ல யாருன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

அண்ணன் முடியாது என்று எழுந்து போய்விட்டார். தம்பிதான், "நான் கூட்டிட்டுப் போறேங்க்கா" என்றான். ஜூனில் கூட்டிப் போனான்.

விடுதலை என்று நினைத்தேன். அப்படி இருக்கவில்லை. ஒன்பதேகால் ஆனால் கை தானாகச் சோற்றை மூடிவைக்கப் போகும். ஹாலில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் சமையலறையில் நின்றுதான் சாப்பிட்டேன். சனி ஞாயிறுகளில் தம்பி வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். ஒருமுறை அவர் என்னை, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். யார் என்று தெரிந்து கேட்டாரா, வந்தவளுக்குக் கேட்டாரா என்று தெரியவில்லை.

புரட்டாசியில், தம்பியின் நாலு மாதம் முடிந்து என் முறை வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அப்பா இறந்தார். நாடகத்திலும் படத்திலும் அந்தக் கிழவர்கள் இருவருமே, தாங்கள் துரத்திவிட்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அதன்மேலேயே விழுந்து சாகிறார்கள். அப்பா காலை எட்டு மணிக்குப் பல்விளக்கிக்கொண்டிருக்கும்போது சரிந்தார். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன்.

சொந்த வீடு என்று இருந்தது அண்ணனுடையதுதான் என்பதால் அங்கே கொண்டு போனோம். அத்தைக்கு நான்தான் போன் செய்தேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தார். மாரடித்து அழுகிற பெண்கள் வழிவிட்டு, "உள்ள வாங்க" என்றார்கள். அத்தை உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயை மட்டும் முந்தானையால் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

எடுத்த பிறகு வீடு கழுவி, சாப்பாடு போட்டார்கள். அத்தை சாப்பிட வராமல் பின்வாசலில் தனியாக நின்றிருந்தார். கூப்பிடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் பேசுவது கேட்கும் தூரம் என்பதால் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும் ஆத்தா. அன்னைக்கு வந்துட்டுப் போனாருல்ல. உள்ள கூப்புடலேன்னு எம்மேல ஏதும் வருத்தமாச் சொன்னாரா?"

ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வரும் முன்பே அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் கண்ணைப் பார்த்ததும், அதை அப்படிச் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"இல்லத்தே. வயிறாரச் சாப்ட்டேன்னுதான் சொன்னாரு."

அத்தை என் கையை விட்டார். இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். பிசைந்துகொண்டே, "ரசம் இருக்கா?" என்று கேட்டார்.